கல்யாணத்துக்கு வராதவளுக்கு

மஞ்சள் தடவிய பத்திரிகை அலமாரி மேல் கிடக்கிறது. அதன் வாசனை கூடம் முழுக்க இருக்கிறது. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் காலையிலேயே பட்டு உடுத்திக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். "நீ வரலியாம்மா?" என்று வாசலில் நின்று மூன்று தடவை கேட்டான் மகன். "இல்லடா, நீங்க போங்க" என்றேன். ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறேன். தெருவில் ஒரு தறிச் சத்தம்கூட இல்லை. உன் மேல்தான் கோபம் கோபமாக வருகிறது.

தொண்ணூறுகளில் ஒரு தை மாதம். ஒரே நாளில் மூன்று கல்யாணம். ஒன்று இங்கே ஆரணியில், ஒன்று சந்தவாசலில், இன்னொன்று கலசப்பாக்கத்தில். மூன்றுக்கும் ஓடி, மூன்றிலும் கை நனைத்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினோம். அப்போதுதான் சொன்னாய். "இனிமே எந்தக் கல்யாணத்துக்கும் நான் வரமாட்டேன்டி. நான் போகலன்னா தாலி ஏறாம நின்னுடுமா? சாவு வூட்டுக்குத்தான் ஆள் வேணும். அதுக்கு மட்டும் போறேன்." கால்வலியில் பேசுகிறாய் என்று நினைத்துச் சிரித்தேன்.

கால்வலி இல்லை. நீ யோசித்து வைத்திருந்தாய். உன் வீட்டில் மாமியார், கொழுந்தனார் குடும்பம், மூன்று பிள்ளைகள், இரண்டு தறி. உனக்கென்று உட்கார ஒரு மூலை கிடையாது. ஊரே மண்டபத்துக்குப் போகிற நாளில்தான் அந்த வீடு காலி. அந்த நாலு மணி நேரத்தில் நீ கிராஃப் தாளை விரித்து, கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பி, புடவையில் நெய்கிற புட்டாப் பூக்களை வரைந்தாய். டிசைன் போடுவது ஆம்பளை வேலை என்று இந்த ஊர் முடிவு கட்டியிருந்தது. "இதுக்காடி ஊர்ப் பகையத் தேடிகினு இருக்கிற?" என்று உன் வீட்டுக்காரரே கேட்டார். திமிர் பிடித்தவள், சொந்தபந்தம் வேண்டாதவள் என்று ஊரில் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் பேசினேன். அதை மறைக்கமாட்டேன்.

ஏனென்றால் என் பெரிய மகள் கல்யாணத்துக்கும் நீ வரவில்லை. பத்து வீடு தள்ளி இருப்பவள் நீ, அவளுக்கு முதல்முதலாகத் தலை பின்னிவிட்டவள் நீ. மேடையில் நின்றுகொண்டு நான் வாசலையே பார்த்தேன். மறுநாள் உன் வீட்டுக்கு வந்து, "ஏன்டி வரல?" என்று கேட்டேன். பென்சில் கரி படிந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "வேலை இருந்துச்சி" என்றாய். என்ன வேலை? பூசணிப்பூ! பூசணிப்பூவில் ஒரு புட்டா. "பட்டுப் புடவையில பூசணிப்பூவ எவ கட்டுவா?" என்று கத்திவிட்டு வந்தேன். ஐந்து வருஷம் உன்னோடு பேசவில்லை. அந்தப் பூவைத் தறி அட்டையில் துளை துளையாகக் குத்தி நெசவுக்கு ஏற்றினார்கள் என்பதும், புடவை நெய்த வாரமே விலைபோனது என்பதும் அடுத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தபடியே சாய்ந்த அன்று முதல் ஆளாக வந்தவள் நீ. "நீ அழு. வூட்ட நான் பாத்துக்கிறேன்" என்றாய். பதினாறு நாள். உலை வைத்தாய், வந்தவர்களுக்குப் பாய் போட்டாய், நான் சாப்பிடும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாய். அப்போதும் எனக்குள் கோபம்தான். சாவுக்குப் பதினாறு நாள் தரத் தெரிந்தவளுக்குக் கல்யாணத்துக்கு அரை நாள் தர மனசு வரவில்லையா? நான் சிரிக்கும்போது உனக்கு நான் வேண்டாதவளா? அதற்குப் பிறகு நாம் எவ்வளவோ பேசினோம். இதை மட்டும் நான் கேட்கவே இல்லை.

தாலியறுத்த பிறகும் நான் கல்யாணங்களை விடவில்லை. தாலி ஏறும் நேரத்தில் எதிரில் வந்துவிடக் கூடாது என்று பின்வரிசையில் உட்காரவைப்பார்கள். உட்கார்ந்தேன். போன ஆவணியில் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் நீ போய்விட்டாய் என்று செய்தி வந்தது. எழுந்தேன். "தாலி ஏறட்டும், சாப்ட்டு போலாம். அவ எங்க போயிடப்போறா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அவள் மாமனார் சாவில் மூன்று நாள் அடுப்படியில் வெந்தவள் நீ. கட்டிய பட்டோடு வந்து உன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். உன்னைச் சுற்றி எட்டுப் பேர்கூட இல்லை. மத்தியானத்துக்கு மேல் ஏப்பம் விட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். தாம்பூலப் பையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். ஒரு சாவையும் விடாதவளுக்கு இந்த ஊர் செய்த மரியாதை அது.

இனி கல்யாணமே வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அப்படியும் ஐப்பசியில் இரண்டுக்குப் போனேன், பழக்கம் விடவில்லை. இன்றைக்குத்தான் விட்டேன். எல்லாரும் போனதும் கதவைச் சாத்தினேன். பேரனின் கிராஃப் நோட்டிலிருந்து நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்கு வரைய ஒரு பூ இல்லை. வேறு எதுவும் இல்லை. நீ எங்கே வரவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் பார்த்தேன். அந்த நேரத்தில் வீட்டில் என்ன செய்தாய் என்று ஒரு நாள்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. நீயாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா? "வந்து பாருடி" என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் பூ வாடிவிடுமா?

பூ வரவில்லை. உன்னைத் திட்டத்தான் வந்தது. அதை எழுத ஆரம்பித்தேன், நாலு தாளும் நிரம்பிவிட்டது. ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தெருமுனையில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. மண்டபத்திலிருந்து திரும்புகிறார்கள். ஏன் வரவில்லை என்று வாசலிலேயே நின்று கேட்பார்கள்.

வேலை இருந்துச்சி என்று சொல்லப்போகிறேன்.