நான்காவது லைன்

பிளான்டைர்,
ஆகஸ்ட் 2004

அன்புள்ள தம்பி வேஸிக்கு,

அக்கா லுசுங்கு எழுதுகிறேன். நானும் பிள்ளைகளும் சுகம். உன்னிடமிருந்து கடைசியாகக் கடிதம் வந்தது ஈஸ்டருக்கு முன்னால். ஜோகன்னஸ்பர்க்கில் குளிர் இன்னும் விடவில்லையாமே. நான் கொடுத்தனுப்பிய கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா, இல்லை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தாலும் திட்டமாட்டேன்.

தெம்வா அக்காவின் அடக்கத்துக்கு உனக்குச் சொல்லவில்லை என்று நீ மனத்தாங்கலாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்கே தெரியாது, வேஸி. வானொலியில் மரண அறிவிப்புப் பிரிவில் உட்கார்ந்திருப்பவள் நான். யார் எங்கே கண்ணை மூடினாலும் எங்கள் வழியாகத்தான் சொந்தக்காரர்களுக்குத் தெரியும். நம் அக்கா போனது எனக்குத் தெரியவில்லை.

அக்கா போன அன்றைக்கு கோண்ட்வே அத்தான் வடக்கே கரோங்கா தபால் ஆபீசில் காலையிலிருந்து நின்றிருக்கிறார். நாடு முழுவதிலிருந்தும் வரும் அறிவிப்புகளுக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஃபேக்ஸ் லைன். எப்போது போட்டாலும் எங்கேஜ்ட். ஆபீஸ் போனும் அதே கதிதான். மறுநாளும் கிடைக்கவில்லை. அந்த வெயிலில் உடலை எத்தனை நேரம் வைத்திருப்பது? அடக்கத்தை முடித்துவிட்டு, எழுதிய தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இங்கே வர பஸ் ஏறிவிட்டார்.

கவுண்டரில் அவரைப் பார்த்ததும் ஏதோ வேலையாக ஊருக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டே எழுந்தேன். அவர் தாளை எடுக்கவில்லை. "உக்காரு லுசுங்கு, மொதல்ல உக்காரு" என்றார். மீதியை நான் எழுத வேண்டாம்.

மேலாளர் துக்கம் விசாரிக்க வந்தார். அத்தான் குரலை உயர்த்தவே இல்லை. "இங்க வேல பாக்கிறவளோட அக்காவுக்கே இந்த நெலமைன்னா, மத்தவங்க என்ன பண்ணுவாங்க ஐயா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகுதான் மேலாளர் எங்கெங்கோ எழுதிக் கேட்டு பழைய ஃபேக்ஸ் மோடம் மூன்று வாங்கி வந்தார். தொலைபேசி இலாகாவிலும் போய் உட்கார்ந்து புதிதாக மூன்று லைன் வாங்கினார்.

நீ ரேடியோ பிரித்து மாட்டியவன், உனக்குப் புரியும் என்று சொல்கிறேன். ஃபேக்ஸை வாங்கிச் சேர்த்துவைக்கும் கணினியின் முதுகில் மோடம் மாட்ட இடமே இல்லை. பொறியாளர் கம்வென்டோ உள்ளே ஒரு கார்டு போட்டு இடம் உண்டாக்கினார். ஒவ்வொரு மோடமும் எது, என்ன வேகம், எத்தனையாவது மணியில் எடுக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லித்தர வேண்டும். அந்த வேலையை என்னிடம் விட்டார். இரண்டாவது மோடம் மணி அடித்தும் எடுக்காமல் கிடந்தது. யாரோ முன்னால் வைத்திருந்தவர்கள் எடுக்காதே என்று அமைத்துவிட்டிருந்தார்கள். அதை மாற்றினேன். மூன்றாவதில் வடக்கிலிருந்து வந்த தாளெல்லாம் பாதியில் அறுந்தது. அந்தப் பக்கத்து லைனில் இரைச்சல் அதிகம். கம்வென்டோ, "வேகத்தக் கொறைம்மா. இதுவும் எங்க பெரியப்பா மாதிரிதான், மெதுவா பேசினாத்தான் காதுல விழும்" என்றார். குறைத்தேன். முழுத் தாளும் வந்தது.

ஒரு லைன் எங்கேஜ்டாக இருந்தால் அழைப்பு தானாக அடுத்ததற்குப் போகும்படி கடைசியாக நான்கையும் இணைத்தார்கள். கரோங்கா தபால் ஆபீசுக்குப் போன் செய்து ஒரு தாள் அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். முதல் தடவையிலேயே வந்து விழுந்தது. "வந்துச்சா அக்கா?" என்று மட்டும் எழுதியிருந்தான் அந்த எழுத்தர். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கம்வென்டோ மெல்ல வெளியே போய்விட்டார்.

இனி லைனில் நெரிசல் குறையும் என்று நினைத்தோம்; அறிவிப்புகள்தான் கூடின. அறிவிப்பாளர் யமிகானி அரை மணி நேரம் வாசித்துக்கொண்டிருந்தது இப்போது ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து போனால் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வர நேரமாகிறது. மேலாளர் தாள்கட்டைப் பார்த்து, "இத்தன பேரும் அப்பவே வாசல்ல நின்னுட்டுத்தான் இருந்திருக்காங்க. நமக்குத்தான் தெரியல" என்றார். தாளில் இருப்பவர்கள் எல்லாம் சின்ன வயசு, வேஸி. உன் வயசு, என் வயசு.

நான்காவது லைனில் இப்போது ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் அறிவிப்பு வருகிறது. அங்கிருக்கும் நம் ஊர்ச் சங்கத்தார் நேரே அந்த எண்ணுக்கே அனுப்புகிறார்கள். அந்தத் தாள் வந்தால் நான்தான் முதலில் எடுப்பேன். "ஏங்க்கா அத மட்டும் புடுங்கிட்டு ஓடுறீங்க?" என்று யமிகானி ஒருநாள் கேட்டாள். எழுத்து மங்கலாக இருக்கிறது, சரிபார்க்கிறேன் என்றேன். எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து ஃபைசன் வந்திருந்தான். நீ கொடுத்தனுப்பிய சோப்பும் போர்வையும் கிடைத்தன. வேஸி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "கொஞ்சம் எளைச்சிருக்கான்" என்றான். நிசிமாக் களியும் மீனும் போட்டு வைத்தேன், நிமிராமலே சாப்பிட்டான். வேலைக்குப் போகிறானா என்று கேட்டதற்கு, தட்டைக் கழுவி வைக்க எழுந்துவிட்டான். ஃபைசன் என்றைக்குத் தட்டுக் கழுவினான்?

எதிர்வீட்டு எஸ்நாத்தை உனக்கு நினைவிருக்கும். பிப்ரவரியில் அவளைச் சைக்கிளில் கட்டி உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்ப மாட்டாள் என்றே எல்லோரும் நினைத்தோம். அங்கே இப்போது அந்த நோய்க்கு மாத்திரை காசில்லாமல் கொடுக்கிறார்கள். காலையும் மாலையும் தவறாமல் போட வேண்டும், அவ்வளவுதான். இன்று காலை அவள் முச்சந்தியில் உட்கார்ந்து மண்டாசிப் பணியாரம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். கடன் கேட்ட ஒருவனை நல்ல வாங்கு வாங்கினாள். அவள் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! நின்று கேட்டுவிட்டு வந்தேன். எப்படி வந்தது என்று யாரும் அவளைக் கேட்பதில்லை. உன்னையும் கேட்கமாட்டார்கள். நானும் கேட்கமாட்டேன்.

இந்தக் கடிதத்தை ஃபைசன் கையில்தான் கொடுக்கிறேன். திரும்பி வரும்போது உன்னையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். நீ முடியாது என்பாய், அவனோடு சண்டை போடாதே. சாமான்களை அங்கேயே விட்டுவிடு. வெறுங்கையோடு ஊர் திரும்புகிறோமே என்று கூச்சப்படாதே. ஜன்னல் பக்கம் உட்கார், காது மூடும்படி எதையாவது சுற்றிக்கொள். பஸ் நிலையத்தில் நான் இருப்பேன். பஸ் தாமதமானாலும் இருப்பேன்.

பிளான்டைர் வந்து சேரும்வரை உன் கால்களுக்குக் கடவுள் பலம் கொடுக்கட்டும். அதற்குமேல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அக்கா லுசுங்கு