நல்ல நேரத்தில் அமுக்கிய பொத்தான்

உன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இடது கைப்பிடி இன்னும் ஆடுகிறது. ஒரு திருகாணி வாங்கிப் போட உனக்கு நேரம் வரவில்லை. "அப்புறம் பாத்துக்கலாம்டா" என்று சொல்லியே காலத்தை ஓட்டினாய். செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன்.

இலுப்பூரில் இந்த மாடி அறையைப் பிடித்து, ஜெகதாப்பட்டினத்து மீன்பிடிப் படகுகளுக்காக நாம் எழுதிய செயலியைப் பற்றித்தான் சொல்கிறேன். கடலுக்குப் போன படகு எங்கே நிற்கிறது என்று அந்த வீட்டார் மட்டும் போனில் பார்க்கலாம். அதற்குப் படகுக்கு ஒரு ரகசியக் குறியீடு. யாராலும் ஊகிக்க முடியாத பைட்டுகளாக, குருட்டாம்போக்கான எண்களாக, அது இருக்க வேண்டும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். நீயோ, படகைச் செயலியில் பதிகிற நேரத்தில் கடிகாரத்தில் ஓடும் நொடியை விதையாகப் போட்டுப் பைட்டுகளை உருவாக்கினாய். ஒரே நொடியைப் போட்டால் அதே பைட்டுகள்தான் திரும்ப வரும்.

"ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கிட்டயே ரேண்டம் பைட்ஸ் கேட்டு வாங்கிருவோம்டா. எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"கடிகாரம் நிக்காம ஓடிக்கிட்டுத்தானே கெடக்கு? ஒரே நொடி எப்படிடா ரெண்டு பேருக்கு வரும்? சரியான பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தாய். என் வாயை அடைக்க, அந்த வரிக்கு மேலே 'அப்புறம் மாத்தணும்' என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தாய். ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். நீ எழுதிய வரியைத் தொட எனக்கும் மனசு வரவில்லை.

இந்த வருஷம் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிய அன்று, புதிதாகச் சேர்ந்தவர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல நேரம் பிறக்கக் காத்திருந்திருக்கிறார்கள். பிறந்ததும் எல்லோரும் பதிவுப் பொத்தானை ஒன்றாக அமுக்கியிருக்கிறார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த உனக்கு இது தோன்றவே இல்லை, பார்.

இன்று காலையில், அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவரான செல்வி அக்கா கூப்பிட்டார். "தம்பி, எங்க வீட்டுக்காரரு போட்டு எல்லைக் கோட்டத் தாண்டி அங்கிட்டுப் போயிருச்சுன்னு காட்டுது. நெசந்தானா? இலங்கை நேவிக்காரங்க புடிச்சிட்டுப் போயிருவாங்களே."

பதிவுகளைத் திறந்தேன். அவருக்கும் அதே நொடியில் அமுக்கிய மல்லிகா அக்காவுக்கும் ஒரே குறியீடு. இரண்டு வீட்டுப் போனிலும் மல்லிகா அக்காவின் படகே தெரிந்துகொண்டிருந்தது. படகுக் கருவியின் எண்ணை வைத்துத் தேடினால், செல்வி அக்காவின் படகு கரைக்குப் பக்கத்தில் பத்திரமாக நின்றது.

"ஒங்க போட்டு இங்கிட்டுத்தான்க்கா நிக்கிது. நீங்க பாத்தது வேற" என்றேன். சாமியைக் கூப்பிட்டு அழுதார். அழுகை சட்டென்று நின்றது. "அப்ப அது யாரோட போட்டு தம்பி?"

போனை வைத்துவிட்டு மல்லிகா அக்காவைக் கூப்பிட்டேன். ஐஸ் கம்பெனி வாசலில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். போனைப் பார்த்திருக்கவில்லை. "சொல்லுங்க தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்றார். சொன்னேன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "எம்புட்டுத் தூரம் போயிருச்சு?" என்று மட்டும் கேட்டார்.

மீனவர் சங்கத்துக்காரர்கள் ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் திரையில் அந்தப் படகின் புள்ளி திரும்பி, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தது. என்ஜின் நின்று நீரோட்டம் இழுத்துப் போயிருக்கிறது; சரிசெய்துகொண்டு திரும்பிவிட்டார்கள். மல்லிகா அக்கா கூப்பிட்டு, "எல்லாம் ஒங்க கூட்டாளி செஞ்சு வச்சிட்டுப் போன புண்ணியம்" என்று மனசார வாழ்த்தினார்.

உன் வரியை அழித்துவிட்டேன். பைட்டுகள் இப்போது ஆபரேட்டிங் சிஸ்டத்திடமிருந்து வருகின்றன. எல்லா வீட்டுக்கும் புதுக் குறியீடு போய்விட்டது. உன் குறிப்பை மட்டும் விட்டுவைத்து, அதன் கீழே 'மாத்திட்டேன்டா' என்று எழுதினேன்.

ஆனாலும் பயம் போகவில்லை. நல்ல நேரம் நாள்காட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அந்த நேரத்து நொடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருந்தால், எவனுக்கும் நம் படகுகள் நிற்கிற இடம் தெரிந்திருக்கும். எவனாவது பார்த்தானா என்று கண்டுபிடிக்க வழி எதையும் நாம் வைக்கவில்லை. அதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட இங்கே ஆள் இல்லை. போன் அடிக்கிறது, எடுப்பதற்கு முன்பே செல்வி அக்கா கேட்டது காதில் விழுகிறது. அப்ப அது யாரோட போட்டு தம்பி?