நாற்பத்தொன்றாவது படம்

மார்ச் 1, ஞாயிறு

பால் வந்தது. போர்வை இரண்டு துவைத்தேன். பத்தரைக்குக் குருவி வந்தாள். கையளவாகப் பிறந்தாள் என்று நான்தான் பேத்திக்குக் குருவி என்று பெயர் வைத்தேன். இப்போது நிலையில் தலை இடிக்கிறது.

பத்திரிகையில் அவளுக்கு ஞாயிறுதோறும் ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். சின்ன அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களை வாரம் ஒருவராகப் படம் எடுக்க வேண்டும். முதல் படம் பதினெட்டாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டுமாம். என் பேத்தி! கீழ் வீட்டு டீச்சரிடம் சொன்னேன். காய்கறி வாங்கப் போகும்போது இன்னொரு தடவை சொன்னேன். "காலையிலேயே சொன்னீங்கம்மா" என்றார். சொன்னால் என்ன, காது தேய்ந்துவிடுமா?

ஆனால் கேமராவின் லென்ஸ் கெட்டுவிட்டது. பாதி நீண்டு, கர்ரென்று சத்தம் போட்டு, தலை நீட்டிய ஆமை மாதிரி நிற்கிறது. அது அவள் அம்மாவுடைய கேமரா. நான் தொடவில்லை.

"புது லென்ஸ் நான் வாங்கித் தர்றேன்" என்றேன்.

"வேணாம் பாட்டி, நான் பாத்துக்கறேன்."

"வாங்கித் தர்றேன்னா வாங்கித் தர்றேன்."

சரி என்றாள். எப்போதும் போல வாசல் பக்கத்து நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

மார்ச் 4, புதன்

கேமராக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எனக்கு நாற்காலி போட்டுவிட்டுக் குருவியிடம் மட்டும் பேசினார். "எனக்கும் சொல்லுங்க, வாங்கப்போறது நான்" என்றேன். பிறகு சொன்னார். நல்ல மனிதர்தான்.

பழைய கேமராக்களில் உள்ளே ஒரு கண்ணாடி இருக்குமாம். இதில் இல்லை, அதனால்தான் இத்தனை சின்னது. இதற்குச் சின்ன லென்ஸ்தான் பொருத்தம் என்று மூன்றை எடுத்து வைத்தார். இருபத்துநாலு, முப்பத்தைந்து, ஐம்பது. நம்பர் குறைந்தால் அறை முழுக்க விழும். கூடினால் தூரத்தில் இருப்பது கிட்டத்தில் வரும். இருபத்துநாலு, மாத்திரை டப்பா மூடி மாதிரி தட்டையாக இருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், கனமே இல்லை.

"இது எதையும் நீட்டி இழுக்க முடியாதும்மா. முகம் பெருசா வேணும்னா நீங்கதான் கிட்டப் போகணும்" என்றார்.

குருவி ஐம்பதைக் கையை விட்டு வைக்கவே இல்லை. "எனக்குத் தள்ளி நின்னாதான் வரும்."

"சின்ன ரூம்ல எங்க தள்ளி நிப்பீங்க, சுவத்துக்குள்ளயா? மூக்கு மட்டும்தான் விழும்."

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். எடுத்த படம் ஒவ்வொன்றிலும் என்ன நம்பர், என்ன தேதி, எத்தனை மணி என்று பதிந்திருக்குமாம். பழைய லென்ஸ் நீண்டு சுருங்குவது. அதில் எந்த நம்பரில் அதிகம் எடுத்திருக்கிறது என்று எண்ணினால், கை எதற்குப் பழகியது என்று தெரிந்துவிடும்.

"அதுல இருக்கறதெல்லாம் அம்மா எடுத்தது" என்றாள் குருவி.

"அப்ப அம்மா கை எதுக்குப் பழகியிருக்குன்னு பாருங்க."

அவருக்கு என்ன தெரியும், பாவம்.

மார்ச் 5

மோட்டார் ஓடவில்லை. தண்ணீர் பிடித்து வைத்தேன். யாரும் வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

எண்ணினோம். குருவி கம்ப்யூட்டரைப் பார்த்து நம்பரைச் சொன்னாள், நான் நோட்டில் கோடு போட்டேன். பஸ் ஸ்டாண்டு, மழைத்தண்ணீர், குருவி வாய்விட்டுச் சிரித்த முகம். பதினெட்டுக்குப் பன்னிரண்டு கோடு. முப்பத்தைந்துக்கு ஒன்பது. அப்புறம் நூற்று முப்பத்தைந்து. அந்த லென்ஸ் அதற்கு மேல் நீளாதாம்.

யாரோ ஒருத்தி பால்கனியில் போர்வை உதறிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. "யாருடி இது, சேலைய இப்படிச் செருகிக்கிட்டு?" என்று கேட்டேன். குருவி நம்பரை மட்டும் சொன்னாள். அந்தப் போர்வை எனக்குத் தெரியும்.

அடுத்ததும் நூற்று முப்பத்தைந்து. அதற்கு அடுத்ததும். எல்லாம் என் பால்கனி, எல்லாம் தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து. நான் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். நாற்பது கோடு. முதுகு, தோள், ஈரத்துணிக்கு மேலே இரண்டு கை. எதிலும் என் முகம் இல்லை.

குருவி சட்டென்று மூடிவிட்டாள்.

"இன்னும் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. போதும் பாட்டி."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க அம்மா பேச்ச எடுத்தாதானே சொல்றதுக்கு."

ஆறு வருடத்துக்கு முன் மகள் புருஷனை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து நின்றாளே, அன்றைக்கு மட்டும் எனக்கு வார்த்தை வந்தது. இனிமே என் வாசப்படிய மிதிக்காத என்றேன். மிதிக்கவில்லை. போன ஜூலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து நான் ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வாசற்படியை மிதிக்கத்தானே கூடாது என்றேன். எதிர்ப்பக்கம் நிற்கக்கூடாது என்று சொல்லவில்லையே. அதைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 9, திங்கள்

குருவியிடம் போனில் கேட்டு நாற்பத்தொரு தேதியையும் எழுதிக்கொண்டேன். பரணிலிருந்து என் பழைய நோட்டுகளை இறக்கினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேனே தவிர எழுத்தை விடவில்லை. ஒரு நாள் தவறியதில்லை.

ஜூன் 11, காலை 10.50-க்கு ஒரு படம். அன்று என் நோட்டில்: தலையணை உறை துவைத்தேன். யாரும் வரவில்லை.

செப்டம்பர் 3, 11.05. நோட்டில்: முட்டி வலி. யாரும் வரவில்லை.

ஜனவரி 20, 10.40. நோட்டில்: இன்று என் பிறந்தநாள். யாரும் வரவில்லை.

இப்படியே நாற்பது. கடைசித் தேதி, போன வருடம் ஏப்ரல் 16. அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. திறக்காமலே தெரியும்.

மார்ச் 10

பால்கனிக்குப் போகவில்லை. அடுப்படியில் கயிறு கட்டித் துணியைப் போட்டேன். சொட்டிக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 11, புதன்

எதிர்ப்பக்கம் தையல்கடை. என்னைப் பார்த்ததும் தையல்காரர், "என்னம்மா, ஜாக்கெட் கை இறுக்கமா?" என்றார்.

"இல்ல. என் பொண்ணு இங்க வந்து நிப்பாளா?"

மிஷினை நிறுத்தினார். "நிப்பாங்க. இந்தத் தகரத்துக்குக் கீழதான். உள்ள வந்து உக்காருங்கம்பேன். இங்கருந்துதாண்ணே நல்லாத் தெரியுதும்பாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க எங்கிட்டப் பேசறதே கை இறுக்கம், கழுத்து லூசு, அவ்வளவுதானேம்மா."

திரும்பி நடந்தேன். அவராகவே சொன்னார்: "கடைசியா வந்த அன்னைக்கு ஒரே சிரிப்பு. 'அம்மா பாத்துட்டாங்கண்ணே'ன்னாங்க. அப்ப மேல போங்கன்னேன். 'கதவச் சாத்திட்டாங்க, திறக்கட்டும்'னு நின்னாங்க. ஒரு மணி நேரம் இருக்கும். நல்ல வெயில்."

மார்ச் 12

எழுதிவிடுகிறேன். என் நோட்டுதானே, யார் படிக்கப்போகிறார்கள்.

அன்றைக்கு நான் பார்த்தேன். போர்வையை உதறிவிட்டுத் திரும்பினேன், தகரத்துக்குக் கீழே அவள். முகத்துக்கு நேரே கேமரா. கழுத்தெல்லாம் மெலிந்து கிடந்தது. உள்ளே வந்து பால்கனிக் கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு எங்கே போனேன்? வாசல் கதவுக்குப் பின்னாடி போய் நின்னேன். மூச்சைப் பிடிச்சிட்டு நின்னேன். தட்டட்டும், திறக்கறேன்னு. தட்டியிருந்தா திறந்திருப்பேன். சத்தியமா திறந்திருப்பேன். அவ எப்படித் தட்டுவா? மிதிக்காதன்னு சொன்னவ யாரு? அவ அங்க, நான் இங்க — நடுவுல ஒரு ரோடு, பதினெட்டுப் படி. ஒரு மணி நேரம்! உடம்பு சரியில்லாதவ வெயில்ல —

அப்புறம் நோட்டை எடுத்து, யாரும் வரவில்லை என்று எழுதினேன். முத்து முத்தாக.

மார்ச் 13

வாசல் கதவை இன்று நாலு தடவை திறந்து பார்த்தேன். யாரும் தட்டவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

குருவி ஐம்பதையும் இருபத்துநாலையும் கடையிலிருந்து இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஐம்பதை மாட்டினாள்.

"இதுவே போதும் பாட்டி."

"ஏன் உனக்குத் தள்ளியே நிக்கணும்?"

"கிட்டப் போனா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க."

"யாரு?"

லென்ஸைத் துடைத்தாள்.

"அந்த நாப்பத்தொண்ணாவதக் காட்டு."

"வேணாம்."

"காட்டுடி."

காட்டினாள். முகம் நிறைய நான். கோபக்காரியாகத்தான் தெரிவேன் என்று நினைத்தேன். இல்லை, பயந்தவள் முகம். அதற்கு அடுத்து இன்னொன்று இருந்தது. சாத்திய பால்கனிக் கதவு. ஆள் இல்லாததால் அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லையாம்.

இவளிடம் சொல்லாமலே போய்விட்டால்? இவளும் ஒரு நாள் வராமல் நின்றுவிட்டால்?

"நான் பாத்தேன் குருவி. அவதான்னு தெரிஞ்சேதான் சாத்தினேன்."

கேமராவை மடியில் வைத்தாள். "தெரியும் பாட்டி. 'வெயில்ல பாட்டிக்குக் கண்ணு கூசியிருக்கும், என்னைத் தெரிஞ்சிருக்காது'ன்னு அம்மா சொன்னாங்க. நான் நம்பல."

எனக்குக் கண் நன்றாகத் தெரியும். இன்றைக்கும் ஊசியில் ஒரே தடவையில் நூல் கோப்பேன்.

"அந்தத் தட்டையை மாட்டு" என்றேன். நான் அடுப்படிக்குள் போய் ஈரத்துணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். "இப்ப எடு."

"இங்கருந்து எடுத்தா கடுகு மாதிரி விழறீங்க."

"அப்ப வா."

நாற்காலியைத் தாண்டினாள். பீரோவைத் தாண்டினாள். அடுப்படி நிலையில் குனிந்தாள். இத்தனை ஞாயிற்றுக்கிழமையில் அவள் இங்கே வந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு முழ தூரத்தில் வந்து நின்றாள். அவள் மூச்சு என் மேல் பட்டது. என் முகம் தன்னால் திரும்பப் போனது. விடவில்லை.

"கண்ண மூடாத பாட்டி."

"மூடலடி."

மார்ச் 16

இருபத்துநாலை வாங்கியாயிற்று. "அம்மா கை எதுக்குப் பழகியிருந்துச்சு?" என்று கடைக்காரர் விசாரித்தார். "ரொம்பத் தூரத்துக்கு" என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

டீச்சர் பத்திரிகையோடு அவராகவே மேலே வந்தார். "நீங்க சொல்றதுக்குள்ள நான் காட்டிடலாம்னு வந்தேன்" என்றார். முதல் படம் நம் தையல்காரர். நாலடி அறைக்குள் குருவி மிஷினோடு மிஷினாக ஒட்டி நின்று எடுத்திருக்கிறாள். பல்லுக்கு நடுவே இருக்கும் நூல்கூடத் தெரிகிறது. அவர் தோளுக்குப் பின்னால், தெருவைத் தாண்டி, நகத்தளவு என் பால்கனி. போர்வை தொங்குகிறது. மறுபடியும் துணியை வெளியேதான் போடுகிறேன்.

குருவி உள் அறையில் தூங்குகிறாள். செருப்பு வாசலில் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது.

ஏப்ரல் 16-ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். மற்ற நாற்பதும் தெரியாமல் எழுதியவை, அப்படியே கிடக்கட்டும். இது ஒன்றுதான் தெரிந்தே எழுதியது. ஒரு கோடு இழுத்து அடித்தேன். கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதினேன்:

மகள் வந்தாள். காலை 10.45. கதவைச் சாத்தியது நான்.