செவ்வாய்க்கிழமை மாத்திரை

தம்பி,

இன்று வெள்ளிக்கிழமை. பெரம்பலூரில் திருச்சி பஸ் ஏறி, சிறுவாச்சூர் கோயில் கூட்டத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன். மடி நிறைய எலுமிச்சம்பழத்தோடு ஒருத்தி என்மேல் சாய்ந்து நின்றாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம், அவள் என்ன செய்வாள். கோபமெல்லாம் உன்மேல்தான்.

எண்பதுகளில் இதே ரோட்டில் நீ ஓட்டிய பஸ்ஸிலும் கண்ணாடிக்கு முன்னால் எலுமிச்சை மாலைதான் ஆடும். காக்கிச் சட்டையில் நீ ஏறி உட்கார்ந்தால், "வாட்டசாட்டமான ஆளு, இவருக்கு என்ன நோவு வரப்போவுது" என்பார்கள். லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் பிரஷர் எகிறியிருக்கிறது என்றதும், நான்தான் உன்னைத் திருச்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஈ.சி.ஜி., எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "ரத்தக் குழாய்ல அழுத்தம் கூடிப்போச்சு. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தோட சதை தடிச்சிருக்கு."

நீ சிரித்தாய். வேட்டியைத் தூக்கி இடது காலைக் காட்டினாய். "கிளட்ச் மிதிச்சு மிதிச்சு இந்தக் காலு தடிச்சிருக்குல்ல சார், அது மாதிரியா? அப்ப நல்லதுதானங்க?"

டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் விடவில்லை. "இது உள்பக்கமாவும் தடிக்கும்பா. ரத்தம் வந்து தங்குற எடம் கொறைஞ்சுபோவும். சதை வெறைச்சுக்கிட்டா சரியா விரியாது. அப்புறம் நுரையீரல்ல தேங்கி மூச்சு முட்டும். உன் காலுக்காவது பஸ்ஸ ஷெட்டுல விட்டா ஓய்வு உண்டு, இதுக்கு ஏது? தெனமும் மாத்திரை போடு. பிரஷர் எறங்குனா தடிச்சதும் கொஞ்சம் எளைக்கும்."

வெளியே வந்ததும் நீ என்ன சொன்னாய்? "கேட்டியாக்கா, என் இதயம் கெட்டியாம்." நடுரோட்டிலேயே உன்னை அறைந்திருக்க வேண்டும்.

தினமும் என்று அவர் சொன்னது உன் காதில் விழவே இல்லை. கோயில் நடை திறக்கிற திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூரில் கூட்டம் இறங்கி முடிய நேரமாகும். அந்த நேரத்தில் குங்குமம் வைத்துக்கொண்டு, கண்டக்டர் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு மாத்திரை. மற்ற நாளெல்லாம் கிடையாது. கேட்டால், "ஆத்தாளே வாரத்துல ரெண்டு நாள்தான் நடையத் தொறக்குறா. எனக்கு மட்டும் தெனமும் எதுக்குக்கா? தலவலியா, மயக்கமா, ஒண்ணும் இல்லியே" என்பாய். உன் பெண்டாட்டி உப்பைக் குறைத்துச் சமைத்தாள். நீ பாடாலூர் ஹோட்டலில் கருவாட்டுக் குழம்பை ஒரு கை பார்த்தாய். கத்தினேன், அழுதேன், உன் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் கேட்டேன். எருமை மாட்டின்மேல் மழை பெய்த மாதிரி நின்றாய்.

பிறகு, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார ஆரம்பித்தாய். "டீசல் பொகைக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றாய். டாக்டர் முன்கூட்டியே சொன்னதுதானே அது! உனக்கு மட்டும் புகையாகத் தெரிந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. சிறுவாச்சூரில் யாரும் கை காட்டவில்லை, யாரும் இறங்கவும் இல்லை. நீ பஸ்ஸை ஓரம் கட்டினாய். "அண்ணே, இன்னிக்கு நடை சாத்தியிருக்கே, ஏன் நிப்பாட்டுனீங்க?" என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் வந்திருக்கிறார். நீ ஸ்டியரிங்மேல் சாய்ந்திருந்தாய், மூச்சு இல்லை. ஒரு கை சட்டைப் பையில், மாத்திரை அட்டையைப் பிடித்தபடி இருந்ததாம். அன்றைக்கு மட்டும் கிழமை மறந்துபோனதாடா உனக்கு?

இப்போது எனக்கும் பிரஷர். அதைக் காட்டத்தான் இன்றும் திருச்சிக்குப் போய் வந்தேன். இதயம் இன்னும் தடிக்கவில்லையாம். திங்களும் வெள்ளியும் மாத்திரையைப் பேசாமல் விழுங்கிவிடுகிறேன். மற்ற நாளெல்லாம் உன்னைத் திட்டிவிட்டுத்தான் வாயில் போடுகிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் பாதித் திட்டிலேயே வாயில் போட்டுவிடுகிறேன். மாத்திரை இறங்க இன்னொரு மடக்குத் தண்ணீர் வேண்டியிருக்கிறது.

அக்கா