காலி நாற்காலிக்குச் சொன்ன பதில்கள்

வாழவந்தி
அக்டோபர் 1

அன்புள்ள மல்லிகா,

யாரும் கேட்காத கேள்விக்கு ஒருவரால் எப்படிப் பதில் சொல்ல முடியும்? எனக்குத் தெரியவில்லை. இங்கே யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருப்பதால் உனக்கு எழுதுகிறேன்.

நீ இஸ்ரேலில், எத்தியோப்பியாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்களை நகர மன்றத்தில் எழுந்து பேசத் தயார் செய்கிறாய். நான் இந்த மலை ஊர்ப் பெண்களை ஊராட்சிக்குத் தயார் செய்கிறேன். அதிகாரி இருப்பதாக நினைத்துக் காலி நாற்காலியிடம் பேசிப் பழகுவது நீ சொல்லித்தந்த முறைதான். உன் வகுப்பில் ஒரு பெண், நாற்காலி குறுக்கே பேசியதுபோல் நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார் என்று எழுதியிருந்தாய். அன்று சிரித்தேன்.

இங்கே மேல் ஊருக்கு ஒரே ஓர் ஊற்றுதான். கீழே புதிதாகக் கட்டிய விடுதிக்கு அதிலிருந்து குழாய் போகப்போகிறது. ஊரே சம்மதித்ததாகத் தீர்மானம் இருக்கிறதாம். நாளைய கிராம சபையில் அதை ரத்து செய்யக் கேட்கப்போகிறவர் கண்ணாயி, எஸ்டேட்டில் காப்பி பறிப்பவர். அவர் வாய் திறக்காவிட்டால் கோடையில் ஊருக்குத் தண்ணீர் இல்லை.

இன்று மதியம் ஒத்திகை. ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. கோரிக்கையைச் சொல்லி முடித்த கண்ணாயி, தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். "ஆமாங்க சார், என்ற கையெழுத்துதானுங்க" என்றார். சற்றுப் பொறுத்து, "வெறும் தாளுங்க. வந்தவங்க பேருக்குன்னு சொல்லி வாங்குனாங்க" என்றார். இதை அவர் எங்களிடம் அதுவரை சொன்னதில்லை.

"ஏனக்கா, நாக்காலி நொம்ப அதட்டுதா?" என்று கூடப் பழகும் சிவசக்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாயி நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லீங்க சார். டீச்சரம்மா அடுத்த கூட்டத்துக்கு இருக்க மாட்டாங்க. நாங்களே வருவோமுங்க."

பிறகு தனியாகக் கேட்டேன். "அவரு கேட்டாரு, சொன்னேனுங்க" என்றார். கையெழுத்து அவர் மனத்தை அரித்திருக்கும், அதுதான் வெளியே வந்தது என்று முடிவு செய்தேன். கடைசிப் பதிலுக்கு அந்த விளக்கம் போதவில்லை. டீச்சரம்மா என்று அவர்கள் கூப்பிடுவது என்னைத்தான்; அடுத்த கூட்டத்துக்கும் நான் இங்கே இருப்பதாகத்தான் ஏற்பாடு.

எனக்குச் சேலத்தில் எடுத்த ஸ்கேனின் முடிவு திங்கட்கிழமை வரும். இங்கே யாருக்கும் தெரியாது. நீ கவலைப்படாதே.

அக்டோபர் 2

தபாலில் போடாமல் வைத்திருந்தேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கண்ணாயி எழுந்து கேட்டார். அதிகாரி தீர்மானப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டி, "இது உன் கையெழுத்துதானம்மா?" என்றார். கண்ணாயி சொன்னது நேற்றைய பதில். எதில் போட்டாய் என்றார். நேற்றைய பதில், அதே இடைவெளி விட்டு. பின்னாலிருந்து சிவசக்தி, "என்றதும் வெறும் தாளுதானுங்க" என்று எழுந்தார். இன்னும் பதினோரு பேர் எழுந்தார்கள். தீர்மானம் ரத்து என்று எழுதப்பட்டது. ஒவ்வொருவரும் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்துப் போட்டார்கள்.

புத்தகத்தை மூடிய அதிகாரி என்னைக் காட்டி, "எல்லாம் இவங்க சொல்லிக் கொடுத்ததா? அடுத்த கூட்டத்துக்கும் இருப்பாங்களா?" என்று கேட்டார்.

கண்ணாயி என் பக்கம் திரும்பினார். உதடு அசைந்தது. பிறகு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மல்லிகா, உன் வகுப்பில் அந்தப் பெண் நாற்காலியிடம் சொன்னதெல்லாம் அப்படியே நடந்ததா? ஒன்றாவது தவறியிருந்தால் உடனே எனக்கு எழுது.

நீ நன்றாக இரு.

உன்
லூர்துசெல்வி