காதுக்குப் பின்னால் சிவப்பு

கணபதி, கோயமுத்தூர்
ஐப்பசி 12

அன்புள்ள நந்திதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர வீட்டில் எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது. அங்கே பெர்கனில் நீயும் மாப்பிள்ளையும் மழையில் நனையாமல் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போன் என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே சாரிம்மா என்பாய், நானும் பரவாயில்லை கண்ணு என்று சொல்லித் தொலைக்க வேண்டிவரும். கடிதத்தில் அந்த வசதி இல்லை. பக்கத்துப் பட்டறை மாரப்பன் புது லேத் போட்டிருக்கிறார், மேசை அதிர்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் கோபம் மட்டும் காரணமில்லை.

புது வீட்டுச் சுவருக்கு நம் அன்னூர்த் தோட்டத்துச் சாம்பல் நிற மயிலைக் காளை துரையை வரைந்து கேட்டது நீதான். ஆடியிலிருந்து சனிக்கிழமை தவறாமல் கட்டுத்தறிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பென்சிலில் உருவம், அதன்மேல் தண்ணீரில் கரையாத மையில் கோடு, பிறகு கண்ணாடி மாதிரி மெல்லிய நீர்வண்ணம் ஒவ்வொரு பூச்சாக, கடைசியில் மயிருக்குக் கலர் பென்சில். ஒன்று காயாமல் அடுத்ததைப் பூசினால் சேறாகிவிடும், ஆகவே வாரத்துக்கு ஒரு பூச்சுதான். முதல் பூச்சு சிவப்பு. காங்கேயத்துக் கன்று செந்நிறமாகப் பிறந்து பிறகுதான் சாம்பலாக மாறுகிறது, அதனால் படத்திலும் சிவப்பில் தொடங்கி மேலே நீலச்சாம்பலை ஏற்றுகிறேன், துரைக்கு வலது காதுக்குப் பின்னால் அந்தப் பழைய சிவப்பு கொஞ்சம் மாறாமல் நின்றுவிட்டது, அங்கே மட்டும் மேல்பூச்சைக் குறைத்திருக்கிறேன் என்று ஒரே ஓர் ஆளிடம் சொன்னேன். அந்த ஆள் நீ. உன் அப்பாவிடம் சொல்லவில்லை, மாட்டின் காதுக்குப் பின்னால் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

உன் அப்பா வாக்குத் தவறாதவர். அதனாலேயே ஒரே காளைக்கு இரண்டு பேரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். படம் முடியும்வரை கயிற்றை அவிழ்ப்பதில்லை என்று எனக்கு, கன்று வளர்ந்ததும் உனக்குத்தான் என்று தாராபுரத்து மச்சான் அரங்கசாமிக்கு. ஒன்பது பூச்சு முடிந்த வாரத்தில் துரை வேனில் ஏறித் தாராபுரம் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை கட்டுத்தறியில் வேறொரு மயிலை நின்றது. எனக்குத்தான் அது தெரியாது. திமில் சிறுத்திருக்கிறதே என்று கேட்டேன், வெயிலுக்கு எளைச்சுப் போச்சு என்றார் உன் அப்பா. கொம்பும் விரிந்திருக்கிறதே என்றேன், அதுவும் வெயில்தான் என்றார். வெயிலுக்குக் கொம்பு விரியும் என்பது முப்பத்திரண்டு வருடம் விலங்கியல் நடத்தியவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் காதுக்குப் பின்னால் சிவப்பு இருந்தது. அதனால் மாட்டை நம்பினேன், என் கண்ணைச் சந்தேகித்தேன்.

அன்று மாலை உனக்குப் போன் செய்து துரை எனக்கு வேறு மாதிரி தெரிகிறது என்று சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? புரை எடுத்த கண்ணும்மா, டாக்டர்கிட்ட ஒருக்காக் காட்டிப்போட்டு வாங்க என்றாய். எவ்வளவு அக்கறை. போனேன். இரண்டு மணி நேரம் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள், கண்ணில் ஒரு குறையும் இல்லையென்று டாக்டர் சொன்னார், அப்படியானால் குறை மூளையில்தான் என்று வீடு வரும்வரை பயந்துகொண்டே வந்தேன். பிறகும் இரண்டு சனிக்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தூரிகையை நனைத்து நனைத்து, வைக்கத் தைரியம் இல்லாமல் திரும்பினேன்.

மூன்றாவது சனிக்கிழமை தூறல் போட்டது. மாட்டின் காதிலிருந்து சிவப்பு ஒழுகிக் கழுத்தில் இறங்கியது. தொட்டுப் பார்த்தேன், வாசலுக்கு இழுக்கும் காவி. மாட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலனைக் கூப்பிட்டு இதன் பெயர் என்ன என்று கேட்டேன். தொரைதானுங்க என்றான். விரலைக் காட்டினேன். பேரு இன்னும் வெக்கலீங்க டீச்சரம்மா என்றான். கேட்காமலே மீதியையும் சொன்னான், பாப்பாதானுங்க போன்ல சொல்லுச்சு, காதுக்குப் பொறவால காவி வெச்சுப்போட்டா அம்மா கண்டுக்க மாட்டாங்கன்னு, நாங்க சொன்னதைச் செஞ்சமுங்க. உன் அப்பா அந்நேரம் கிணற்று மோட்டாரை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வருத்தப்படுவேன் என்றுதான் செய்தீர்களாம். மாடு போனதற்கு ஒரு வாரம் வருந்தியிருப்பேன், பிறகு தாராபுரத்துக்குப் பஸ் ஏறியிருப்பேன். உன் அப்பா மாட்டைத்தான் கொடுத்தார். நீ, உன்னிடம் மட்டும் சொன்ன ஒன்றை எடுத்து என் கண்ணிலேயே பூசினாய்.

இத்துடன் ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். பெயர் வைக்காத அந்தக் காளைதான். போஸ்டர் கலரில் ஒரே மத்தியானத்தில் முடித்தேன், அடியில் எதுவும் இல்லை, காதுக்குப் பின்னால் சிவப்பை மேலேயே வைத்திருக்கிறேன். துரைக்கு ஒன்பது பூச்சோடு கண் மட்டும் பாக்கி. அதை மாட்டைப் பார்க்காமல் வைக்க முடியாது. தையில் நீ வந்தால் தாராபுரம் போவோம், அரங்கசாமி மாமா எதிரில் நீயே காட்டு, எது துரை என்று. சரியாகக் காட்டினால் அங்கேயே கண்ணை வைத்து உன் கையில் கொடுக்கிறேன். அதுவரை படம் என் பீரோவில் இருக்கும், சாவி உன் அப்பாவுக்குத் தெரியாத இடத்தில்.

சாம்பார்ப் பொடியும் பருப்புப் பொடியும் தனிப் பார்சலில் வருகின்றன, கோபம் அவற்றில் கலக்கவில்லை. மாப்பிள்ளைக்கு என் ஆசி. நீயும் நூறு வயது நன்றாக இரு, சாமி. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்க்கிறாய், ஒருக்கா டாக்டரிடம் கண்ணைக் காட்டிக்கொள்.

இப்படிக்கு, நன்றாகவே கண் தெரியும்
உன் அம்மா
நாச்சியம்மாள்