ஆள் வைத்து எழுதிய பரீட்சை

என் கண்ணான மகளுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவுக்கு மூச்சிரைப்பு தணிந்திருக்கிறது, அண்ணன் ஒழுங்காக வேலைக்குப் போய்வருகிறான், என் தையல் மிஷினும் நானும் ஓடிக்கொண்டிருக்கிறோம், ஆக இங்கே எல்லோரும் நலம், நீ நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது எங்கள் ஒரே கவலை. கண்ணாடிக்கடைக்காரர் மருமகன் நீ படிக்கும் நாட்டுக்கு வருவதால் இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்து முடிக்கும்வரை போனைத் தொடாதே, ஏன் என்று சொல்கிறேன்.

அந்த வெளிநாட்டு மொழியில் தேறினால்தான் பட்டம் என்று நீ அழுததும், பிறகு ஒருநாள் பாஸ் பண்ணிவிட்டேன் என்று துள்ளியதும் நினைவிருக்கிறது. அப்பா அன்றிலிருந்து நீ சொல்லிக்கொடுத்த வணக்கத்தை அந்த மொழியில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிறார், கேட்டால் யாரையோ திட்டுவது போல இருக்கிறது. எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது, பரீட்சை நாளன்று நீ காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்து என்னோடு போனில் முனகிக்கொண்டிருந்தாயே. தேதியைத் தள்ளி வைத்திருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் ஒருவர் என் தையல் கடைக்கு வந்தார். நல்ல உடுப்பு, மெல்லிய குரல், செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஒரு பேண்ட்டைக் கொடுத்து நீளம் குறைக்கச் சொன்னார். அளந்து பார்த்தால் நீளம் அவருக்குச் சரியாகவே இருந்தது. சரியாத்தானே இருக்கு என்றேன். அவர் அதைக் காதில் வாங்காமல், "பொண்ணுக்குக் காய்ச்சல் தேவலையாம்மா?" என்று கேட்டார். எனக்குக் கத்தரிக்கோல் கையிலேயே நின்றுவிட்டது. உன் காய்ச்சலை நான் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. உன் அறைத் தோழி சொன்னாளோ, நாம் போனில் பேசுவதையே கேட்கிறார்களோ தெரியாது, அதனால்தான் போனைத் தொடாதே என்றேன். "பாவம், படுத்த படுக்கையா இருந்தா. நாங்கதான் ஆள் வச்சு எழுதிக் குடுத்தோம். காசெல்லாம் வேணாம்மா. லீவுல வரும்போது ஒரு பை குடுப்போம், தொறந்து பாக்காம எடுத்துட்டு வந்தாப் போதும்" என்றார், ஏதோ துணிக்குப் பொத்தான் கேட்பது போல. சுவரில் இருக்கும் உன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திங்கட்கிழமை வந்து பேண்ட்டை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மருந்துக்கடைக்காரர் மகனை உனக்குத் தெரியும், அதே பல்கலைக்கழகம், அதே மொழி. அவன் வரும்போது பையில் ஏதோ இருந்ததென்று விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டார்கள், இன்னும் வெளியே விடவில்லை. நான் போய் மருந்துக்கடைக்காரரிடம் விசாரித்தேன். வந்தவரின் அடையாளத்தைச் சொன்னதும் அவர் கடையின் கதவைப் பாதி சாத்திவிட்டு, "எங்கிட்ட மொதல்ல தலைவலி மாத்திரைதான் கேட்டாரு" என்றார். அவர் மனைவி என் கடைக்கு வந்தால் எதுவும் தைக்கக் கொடுப்பதில்லை, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

அப்பா இங்கே போலீசுக்குப் போகலாம் என்கிறார். நாங்கள் சொல்லி உன்னைப் பிடித்தால் நீ குற்றவாளி, நீயே முதலில் போய்ச் சொன்னால் தப்புச் செய்த பிள்ளை, அவ்வளவுதான் என்கிறான் அண்ணன். எனக்கும் அதுதான் படுகிறது. நீயாகக் கேட்டாயா, யாராவது ஆசை காட்டினார்களா என்று இப்போது கேட்க மாட்டேன். உன் துறைத் தலைவி அம்மாவிடம் நேரில் போ, பரீட்சையை எழுதியது நான் இல்லை என்று சொல், இந்த மனிதர் வந்ததையும் சொல். பட்டம் போகும், போகட்டும். பையைத் தூக்கினால் நீயே போய்விடுவாய். பாஸ்போர்ட்டை அறையில் வைக்காதே, உடம்போடு வைத்துக்கொள். தோழியிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாதே, சிரித்த முகமாக இரு. வேளைக்குச் சாப்பிடு, பயத்தில் வயிற்றைக் காயப்போடாதே. அந்த மொழியை முதலிலிருந்து படிக்க விட்டார்களானால் படி, விடாவிட்டால் ஊருக்கு வந்து என்னோடு துணி வெட்டு.

உனக்கு ஒரு குறையும் வராமல் தெய்வம் காக்கட்டும். வருகிற திங்கட்கிழமை அவர் பேண்ட்டுக்கு வந்து நிற்கும்போது, என் மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், இனி இங்கே உங்களுக்கு வேலையில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறேன். அதற்குள் அதை நிஜமாக்கிவிடு கண்ணு.

உன்னை எப்போதும் விட்டுக்கொடுக்காத,
அம்மா